பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது

எங்கள் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் மட்டை கிழிந்த ஒரு சிவப்புக் கொப்பி கிடக்கும். சிகரட், பியர், லொத்தர் சீட்டு, வேப் என்று வயதுக் கட்டுப்பாடு உள்ள எதையாவது ஒருவர் கேட்டு, நாங்கள் கொடுக்க மறுத்தால் அதில் எழுதவேண்டும். திகதி, நேரம், என்ன கேட்டார், ஆள் பார்க்க எப்படி, மறுத்தது யார். "நெட்டையான பெடியன், சாம்பல் ஹூடி, சைக்கிளில் வந்தவர், பியர்" என்று போன சனிக்கிழமை என் மனைவி எழுதியிருக்கிறார். பெயர் எழுதுவதில்லை. பெயர் எங்களுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) ஆட்கள் வந்து கேட்டால் அந்தக் கொப்பியைக் காட்டுவோம். இந்த 24 வருடத்தில் இப்படி ஏழெட்டுக் கொப்பிகள் முடிந்திருக்கும்.

தென் லண்டனில், குறொய்டனுக்குக் கிட்ட இருக்கிற சின்னக் கடை. 2002இல் நான் இதை எடுத்தபோது சிகரட் வாங்க 16 வயது போதும். 2007 ஒக்டோபர் 1 முதல் 18 ஆக்கினார்கள். லொத்தரும் 2021இல் 18க்குப் போனது. கடைக்காரர்கள் பின்பற்றும் முறைக்குச் சலஞ்ச் 25 என்று பெயர்: 18 தான் சட்டம், ஆனால் ஆள் 25க்குக் கீழே போலத் தெரிந்தாலே அட்டை கேட்க வேண்டும். கார் ஓட்டும் லைசன்ஸ், பாஸ்போட், அல்லது ஹொலோகிராம் போட்ட வயது அட்டை. வாங்கி, பிறந்த வருடத்தைப் பார்ப்பேன், படத்தைப் பார்ப்பேன், ஆளைப் பார்ப்பேன், திருப்பிக் கையில் கொடுப்பேன். மூன்று வினாடி. இரவு ஷட்டர் இழுக்கும்போது அன்றைக்குப் பார்த்த ஒரு பிறந்த திகதிகூட எனக்கு ஞாபகத்தில் இருக்காது.

இந்த வேலையை நான் மனதாரச் செய்கிறேன். கவுன்சில் சிலவேளை 18க்குக் குறைந்த பிள்ளைகளை அனுப்பி எங்களைச் சோதிக்கும். சிகரட் விற்றுப் பிடிபட்டால் 2,500 பவுண் வரை தண்டம். ஆனால் தண்டத்துக்குப் பயந்து மட்டும் செய்கிற வேலையில்லை இது. அந்தப் பிள்ளைகள் எங்கள் தெருப் பிள்ளைகள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2026 ஜனவரி 21ஆம் திகதி பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகம் கூடாது என்று வாக்களித்ததிலிருந்து ரேடியோவைப் போட்டால் இதே கதைதான். இணையத்தில் வயதை நிரூபிக்கச் சொல்வதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: "கடையில் ஐடி காட்டுகிறோமே, அதுபோலத்தானே இதுவும்." கடையில் நிற்கிறவன் நான். அது போலவே இல்லை என்பதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

முதலில் எனக்கு நடந்தது.

2025 ஜூன் கடைசியில் யாழ்ப்பாணத்தில் செம்மணிப் புதைகுழியில் இரண்டாம் கட்ட அகழ்வு தொடங்கியது. அரியாலைப் பக்கம், சித்துப்பாத்தி மயானம். 1998இல் ஒரு இராணுவச் சிப்பாய், கொல்லப்பட்டவர்களை அங்கே புதைத்தார்கள் என்று நீதிமன்றத்தில் வாயைத் திறந்ததிலிருந்து எங்களுக்கு அந்த இடத்தின் பெயர் தெரியும். ஓகஸ்ட் பிறக்கும்போது வெளிப்பட்ட எலும்புக்கூடுகள் நூறைத் தாண்டிவிட்டன. குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒரு நீலப் புத்தகப்பை கிடைத்தது. ஒரு பொம்மை கிடைத்தது. நான் ஒவ்வொரு நாளும் கடை பூட்டியபிறகு, காசு எண்ணி முடித்து, பின்னறையில் உட்கார்ந்து அந்தச் செய்திகளைத்தான் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவன். என்னோடு படித்தவர்களில் இரண்டு பேர் எங்கே போனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு இரவு, பல வருடமாக நான் கணக்கு வைத்திருக்கும் ஒரு சமூகத் தளத்தில், ஊரில் இருந்து ஒருவர் போட்ட படம் சாம்பல் பெட்டியாக வந்தது. உள்ளூர்ச் சட்டப்படி இதைப் பார்க்க உங்கள் வயதை உறுதி செய்யவேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. எனக்கு 52 வயது. சரி என்று அழுத்தினேன். இரண்டு வழி காட்டியது. ஒன்று, பாஸ்போட்டைப் படம் எடுத்து அனுப்புவது. மற்றது, கைபேசிக் கமராவில் முகத்தைக் காட்டுவது. முகம்தானே என்று அதை அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம். முகத்தை வட்டத்துக்குள் வை என்றது. கொஞ்சம் இடப்பக்கம் திரும்பு என்றது. வலப்பக்கம் திரும்பு என்றது. அசையாமல் இரு என்றது.

அந்த இடத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

என் வயதுக்காரர், யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள், தலையாட்டி என்றால் என்னவென்று அறிவார்கள். இந்திய இராணுவம் இருந்த காலம், எனக்கு 15 வயது. சுற்றிவளைப்பில் எங்களை வரிசையில் நிறுத்துவார்கள். முகம் மூடிய ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் ஒவ்வொருவராக முகத்தைக் காட்டவேண்டும். அவர் தலையாட்டினால் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மற்றப் பக்கம். அவர் யார், எதை வைத்து ஆட்டுகிறார், தெரியாது. கேட்கவும் முடியாது. லண்டனில் கைபேசியில் வரும் வட்டமும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. இந்த வட்டம் யாரையும் லொறியில் ஏற்றாது. ஆனால் அன்றைக்கு அந்தப் பின்னறையில், என் ஊர்ப் பிள்ளையின் புத்தகப்பையைப் பார்ப்பதற்கு, முகம் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்துத் தலையாட்ட வேண்டியிருந்தது. என்னால் அது முடியவில்லை. மறுநாள் ஒரு பத்திரிகையின் இணையப் பக்கத்தில் அந்தப் பையின் படத்தைப் பார்த்தேன்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். பிரித்தானியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஒக்டோபர் 26இல் நிறைவேறியது. அதில் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட கடமைகள் 2025 ஜூலை 25இல் நடைமுறைக்கு வந்தன. ஆபாசம், தற்கொலை, தன்னைத் தானே காயப்படுத்துவது, பட்டினி கிடப்பதை ஊக்குவிப்பது போன்றவை பிள்ளைகள் கண்ணில் படாமல் தளங்கள் தடுக்கவேண்டும். கடுமையான வன்முறைக் காட்சிகளிலிருந்தும் அவர்களைப் பாதுகாக்க வேண்டும். கண்காணிப்பது ஒஃப்கொம் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு. தவறினால் 1 கோடியே 80 லட்சம் பவுண், அல்லது உலகளாவிய வருமானத்தில் 10 சதவீதம், எது கூடுதலோ அதுவரை தண்டம். இப்படியொரு தண்டம் தலைக்கு மேல் தொங்கினால் தளங்கள் என்ன செய்யும்? சந்தேகமானதை எல்லாம் பூட்டும். அந்த முதல் கிழமையிலேயே உக்ரைன், காசா போர்ச் செய்திகள் சில தளங்களில் பூட்டப்பட்டதை பிபிசி எழுதியது. செம்மணிப் படங்கள் பூட்டப்பட்டதை யாரும் எழுதியதாக நான் காணவில்லை. அது எங்களுக்கு மட்டும் தெரிந்த பூட்டு.

வயதைச் சோதிக்க ஒஃப்கொம் ஏற்றுக்கொண்ட வழிகள் பல. அடையாள ஆவணத்தையும் முகத்தையும் ஒப்பிடுவது, முகத்தை வைத்து வயதை மதிப்பிடுவது, கிரெடிட் கார்ட், வங்கி வழியாக, தொலைபேசி நிறுவனம் வழியாக, மின்னஞ்சல் முகவரி எங்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று பார்த்து ஊகிப்பது. இதைத் தளங்கள் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை, இதற்கென்றே இருக்கும் வேறு நிறுவனங்களிடம் கொடுக்கின்றன. நாம் ஒருவரின் கடைக்குப் போகிறோம், அட்டையை வாங்கிப் பார்ப்பது இன்னொருவர். அவர் எந்த நாட்டில் இருக்கிறார், பார்த்தபிறகு என்ன செய்கிறார் என்பது சின்ன எழுத்தில் எங்கோ இருக்கும்.

முகத்தை வைத்து வயது சொல்லும் மென்பொருளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அதுவும் என் தொழில்தான். அதனாலும் சரியாகச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வயது கூடக் குறையத்தான் சொல்லும். அதனால் 18 என்ற கோட்டுக்கு மேலே இடைவெளி விட்டு, 25 போல ஒரு எல்லை வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் சலஞ்ச் 25 அப்படியே உள்ளே போய்விட்டது. அந்த எல்லைக்குள் மாட்டுகிற 19, 20 வயதுப் பிள்ளைகள் கடைசியில் பாஸ்போட்டைத்தான் எடுக்கவேண்டும். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024இல் இப்படி ஆறு மென்பொருள்களைச் சோதித்தது. பெண்களின் முகத்தில் பிழை கூடுதலாக வருகிறது, பிறந்த பிரதேசத்தைப் பொறுத்தும் மாறுகிறது என்று கண்டார்கள். நானும் தவறுவேன். 27 வயதுப் பெண்ணிடம் அட்டை கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அவர் என்னைத் திட்டலாம், நான் மன்னிப்புக் கேட்கலாம், இரண்டு பேரும் சிரிக்கலாம்.

இப்போது மூன்று வினாடிக்கு வருவோம். கடையில் அட்டையைப் பார்க்கிறேன், திருப்பிக் கொடுக்கிறேன். படி எடுப்பதில்லை. அவர் அன்றைக்கு என்ன வாங்கினார் என்பதை அவர் பெயரோடு சேர்த்து எழுதுவதில்லை. அடுத்த கடைக்குச் சொல்வதில்லை. இணையத்தில் அனுப்பும் பாஸ்போட் ஒரு படம். படம் அனுப்பியபின் அனுப்பியவர் கையில் எதுவும் திரும்புவதில்லை. அழித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்வதை நம்பவேண்டும்.

நம்பிய சிலருக்கு என்ன ஆனது என்று பாருங்கள். அந்த ஜூலை 25 அன்றே, டீ என்ற அமெரிக்கச் செயலியின் கசிவு வெளியே வந்தது. பெண்கள் மட்டும் பாவிக்கும் செயலி, தாங்கள் பெண்தான் என்று உறுதிசெய்ய செல்ஃபியும் அடையாள ஆவணமும் கொடுத்தவர்கள். சோதித்தபின் அழிப்போம் என்று சொல்லி வாங்கியவை. ஏறக்குறைய 13,000 படங்கள் வெளியே போயின. அது வயதுச் சோதனை இல்லை என்று யாரும் சொல்லலாம். அப்படியானால் ஒக்டோபரில் டிஸ்கோர்ட் என்ற அரட்டைத் தளத்தில் நடந்தது வயதுச் சோதனையேதான். வயது பிழையாகக் கணிக்கப்பட்டது என்று முறையிட்டவர்கள் அனுப்பிய அரச ஆவணங்கள், சுமார் 70,000 பேருடையவை, வெளியாட்கள் கையில் போயிருக்கலாம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. கசிந்தது வாடிக்கையாளர் சேவைக்கு அமர்த்திய வேறொரு நிறுவனத்தின் வழியாக. அந்த 70,000 பேரும் கேட்டதைக் கொடுத்தவர்கள். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் போட்டுத் தப்பியவர்களின் பாஸ்போட் அதில் இல்லை.

பாஸ்வேர்ட் போனால் மாற்றலாம். பிறந்த திகதியை மாற்ற முடியாது. முகத்தை மாற்ற முடியாது.

ஜூலை 25 என்ற திகதியை எழுதும்போதெல்லாம் கை ஒருமுறை நின்றுதான் எழுதுகிறது. 1983 ஜூலை 25, திங்கட்கிழமை, கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிக் கலவரக்காரர் வந்த நாள். அப்போது நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு 10 வயது. ஒழுங்கையில் ஏறக்குறைய பாதி வீடு சிங்களவர், பாதி தமிழர். வெளியே இருந்து வருகிறவருக்கு எது யார் வீடு என்று தெரியாது, கதவெல்லாம் ஒரே மாதிரி. ஆனால் வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் கையில் தாள் இருந்தது. அவர் இலக்கத்தை வாசிக்க மற்றவர்கள் அந்த வீட்டுக்குப் போனார்கள். பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் குசினிக்குள் ஒளித்து வைத்தது, அங்கிருந்த கம்பி ஜன்னலால் நான் பார்த்தேன். அந்தத் தாள் வாக்காளர் இடாப்பு, அதாவது வாக்காளர் பெயர்ப் பட்டியல், என்பது பிறகு தெரிந்தது. கொழும்பில் பல இடங்களில் அப்படித்தான் நடந்தது, அது வரலாற்றில் பதிவான விஷயம்.

வாக்காளர் இடாப்பு கொலைக்காகத் தயாரித்ததல்ல. வாக்குப் போடுவதற்காகத் தயாரித்தது. வீட்டுக்கு வந்த படிவத்தை நிரப்பியது என் அப்பா. கந்தோர் கிளாக்கர், முத்து முத்தான கையெழுத்து. குடும்பத்தில் எல்லோருடைய பெயரையும் அவரே எழுதிக் கொடுத்தார், ஏனென்றால் அது ஒரு குடிமகனின் கடமை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் ஒரு இரவு அவர் அம்மாவிடம், "நான்தானே எழுதிக் குடுத்தனான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை எந்தப் படிவத்தையும் உடனே நிரப்பியதில்லை. இரண்டு நாள் மேசையில் கிடக்கும்.

பிரித்தானிய அரசு நாளைக்கு ஆட்களை அனுப்பும் என்று நான் பயப்படவில்லை. இந்த நாடு என்னை ஏற்றுக்கொண்ட நாடு. என் பயம் இடாப்பைப் பற்றியது. தயாரிப்பவர் ஒரு மனதோடு தயாரிக்கிறார், பிறகு அது கிடக்கிறது, யார் கைக்குப் போகும் என்பது தயாரித்தவர் கையில் இல்லை. இன்ன பெயர்க்காரர், இன்ன முகம், இன்ன இரவு இன்ன பக்கத்தைத் திறந்தார் என்ற இடாப்பு, வாக்காளர் இடாப்பைவிட எவ்வளவோ ஆழமானது.

இந்த நாட்டுக்கே இது ஒருகாலம் விளங்கியிருந்தது. 2006இல் தேசிய அடையாள அட்டைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2010இல் புதிய அரசு அதை நீக்கியது. 2011 பெப்ரவரியில் அந்தப் பதிவேடு இருந்த வன்தட்டுகளை இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கினார்கள், ஒரு அமைச்சரே போய் நின்று. அரசாங்கம் ஒன்று தன் இடாப்பைத் தானே அழிக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் அப்பா உயிரோடு இல்லையே என்று இருந்தது.

எங்கள் சனத்துக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊரைப் பற்றி இங்கிருந்து எழுதுகிறவர்களில் பலர் புனைபெயரில் எழுதுகிறார்கள். அவர்களுடைய அம்மா அப்பா, சகோதரங்கள் அங்கே இருக்கிறார்கள். இலங்கையிலும் 2024இல் கிட்டத்தட்ட இதே பெயரில் ஒரு சட்டம் வந்தது, நிகழ்நிலைக் காப்புச் சட்டம். பெண்களையும் பிள்ளைகளையும் காக்க என்றுதான் அதையும் கொண்டுவந்தார்கள். எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்க சனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழு ஒன்று அதில் இருக்கிறது. புனைபெயரில் எழுதும் ஒருவர் தன் பாஸ்போட்டை ஒரு தளத்திடம் கொடுத்த அன்றே அந்தப் புனைபெயருக்கும் அவருக்கும் இடையில் ஒரு நூல் கட்டப்பட்டுவிடுகிறது. யாரும் இழுக்காமல் இருக்கலாம். நூல் இருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

2017 நவம்பரில் ஹரோவில் மொலி ரஸ்ஸல் என்ற பிள்ளை இறந்தார். 14 வயது. தன்னைக் காயப்படுத்துவது, தற்கொலை பற்றிய பதிவுகளை இன்ஸ்டகிராமும் பின்டரெஸ்டும் அவருக்குக் காட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. 2022 செப்டம்பரில் மரண விசாரணை அதிகாரி, அந்தப் பதிவுகளுக்கு அவருடைய மரணத்தில் சிறிதளவுக்கு மேலான பங்கு இருந்தது என்று தீர்ப்புச் சொன்னார். 2017இல் என் மகளுக்கும் 14 வயது. அதே பாடசாலைச் சீருடை நிறம், அதே வயது, கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியோடு இருக்கும் அதே பழக்கம். அந்தச் செய்தியை வாசித்த இரவு, நித்திரையில் இருந்த பிள்ளையின் அறைக் கதவைத் திறந்து ஒருமுறை பார்த்தேன். ஆகவே நிறுவனங்களைச் சட்டத்தால் பிடிக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்தப் பதிவுகளைத் தேடித் தேடிக் கொண்டுவந்து கொடுத்த இயந்திரத்தை நிறுத்தவேண்டும். மொலிக்கு அந்தப் பதிவுகளைக் கொடுத்தது நிறுவனத்தின் பரிந்துரை இயந்திரம். அதைத் திருத்தும் வேலை அந்த நிறுவனத்துக்கு உரியது. இப்போது நடப்பதோ, அந்த இயந்திரம் அப்படியே இருக்க, வாசலில் நாங்கள் முகத்தைக் காட்டுவது.

அந்த வாசலாவது பிள்ளைகளைத் தடுக்கிறதா? சட்டம் வந்த கிழமையில் பிரித்தானிய அப்பிள் கடையில் இலவசச் செயலிகளின் பட்டியலில் முன்னால் நின்றவை விபிஎன்கள். ஒரு வீடியோ விளையாட்டில் வரும் மனிதரின் முகத்தைக் கமராவுக்குக் காட்டி வயதுச் சோதனையைக் கடந்தார்கள். என் மகனுக்கு 15 வயது. இதைப்பற்றிக் கேட்டேன். அவன் பொய் சொல்கிற பிள்ளையில்லை. "வகுப்பில எல்லாரும் ஃப்ரீ விபிஎன் போட்டிருக்கினம் அப்பா" என்றான். இலவச விபிஎன் யார் நடத்துவது, அவர்கள் எதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அன்று இரவு இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து கதைத்தோம். ஆபாசத்தைப் பற்றியும் கதைத்தோம், என் வாழ்க்கையில் முதல்முறையாக. எனக்குக் காது சூடாகிவிட்டது, அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் கதைத்தோம். அதற்குப் பிறகு இரண்டு முறை அவனாகவே வந்து ஏதோ பார்த்ததைச் சொல்லியிருக்கிறான்.

அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே பத்துத் தளங்களில் கணக்கு வைக்க முடியாது. இங்கேயும் அதுவே வந்தால் என் மகனை மட்டும் நிறுத்துகிற சட்டம் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கதவில் 15 வயதுக்காரரை நிறுத்த வேண்டுமென்றால் அந்தக் கதவால் போகும் 70 வயதுக்காரரையும் பார்த்தாகவேண்டும். கடையில் நான் நரைத்த தலையைப் பார்த்ததும் கேட்காமல் விடுவேன். இணையத்தில் எல்லோருக்கும் ஒரே தலை. ஒன்றை மட்டும் அவுஸ்திரேலியர் நன்றாகச் செய்திருக்கிறார்கள்: அரச அடையாள ஆவணத்தை மட்டுமே ஒரே வழியாகக் கேட்கக்கூடாது, வயதுச் சோதனைக்காக வாங்கிய தகவலை அந்த வேலை முடிந்ததும் அழிக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இங்கே அது பொதுவான தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

பிரான்ஸில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே ஆபாசத் தளங்கள் 2025 ஏப்ரலில் இருந்து இரட்டை மறைவு முறை ஒன்றையாவது கொடுக்கவேண்டும். வயதைச் சோதிப்பவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியாது. தளத்துக்கு நீங்கள் யார் என்று தெரியாது. தளத்துக்குப் போய்ச் சேருவது "18க்கு மேல்" என்ற ஒற்றைச் சொல் மட்டும். ஐரோப்பிய ஒன்றியமும் இதே வழியில் ஒரு செயலியின் மாதிரியை 2025 ஜூலையில் வெளியிட்டு சில நாடுகளில் பரிசோதித்தது. இதை வாசித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. கணிதம் தெரிந்தவர்கள் என் மூன்று வினாடியை இணையத்தில் செய்ய வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பிறந்த திகதிகூடச் சொல்லத் தேவையில்லை, மேலா கீழா என்பது மட்டும். முடியாத காரியமில்லை. பிரித்தானியச் சட்டம் இதைக் கட்டாயமாக்காமல் விட்டதுதான் என் குறை.

இந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லி ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடாளுமன்றத் தளத்தில் கையெழுத்திட்டார்கள். அரசு, நீக்கும் எண்ணமில்லை என்று பதில் சொன்னது. அடுத்த நாள், அப்போது தொழில்நுட்ப அமைச்சராக இருந்த பீட்டர் கைல், இந்தச் சட்டத்தை நீக்க விரும்புகிறவர்கள் பிள்ளைகளை வேட்டையாடுகிறவர்களின் பக்கம் நிற்கிறார்கள் என்று எழுதினார். நான் கையெழுத்திடவில்லை, ஏனென்றால் முழுச் சட்டமும் போகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தும் அந்த வசனம் என்னைச் சுட்டது. 24 வருடமாகக் கல்லாவில் நின்று பிள்ளைகளுக்கு "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்காக ஒரு முறை முகத்தில் துப்பலும் வாங்கியிருக்கிறேன்.

ஆகவே போன கிழமை எங்கள் எம்பிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மகள் ஆங்கிலத்தைத் திருத்தித் தந்தாள். வயதைக் கேட்கும் எல்லாத் தளமும், கேட்கிறவருக்குப் பெயர் தெரியாத ஒரு வழியைக் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வாங்கிய ஆவணத்தை உடனே அழிப்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், அழித்ததை ஒஃப்கொம் ஆள் அனுப்பிச் சோதிக்கவேண்டும், கவுன்சில் என்னைச் சோதிப்பதுபோல. போர்ச் செய்தியையும் புதைகுழிச் செய்தியையும் ஆபாசத்தோடு சேர்த்துப் பூட்டக்கூடாது என்றும் எழுதினேன். செம்மணி எங்கே இருக்கிறது என்று அவருக்கு விளங்க ஒரு பந்தி எழுதவேண்டியிருந்தது.

உறையை ஒட்ட முன் சிவப்புக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படியெடுத்து உள்ளே வைத்தேன். சாம்பல் ஹூடி போட்ட அந்த நெட்டைப் பெடியன் இருக்கிற பக்கம்.